விலகுபவரிடம் காரணம் கேட்பது முன்னாலா, பிறகா?

விதைநெல்:
மின்னஞ்சல் பட்டியலிலிருந்து விலகுபவர் காரணத்தை நிரப்பினால்தான் பொத்தானே வேலை செய்ய வேண்டும் என்று நேற்று கரிசல் எழுதியிருந்தார். படித்ததிலிருந்து எரிச்சல். முதலில் ஆளை விடுங்கள். "நீக்கிவிட்டோம்" என்று சொல்லும் பக்கத்தில் ஒரே கேள்வி வையுங்கள், இஷ்டமிருந்தால் பதில் சொல்லட்டும். எங்கள் பதிப்பகத்தில் அப்படித்தான். வாரம் இரண்டு மடல் தாங்கவில்லை என்று பலர் எழுதியதால்தான் மாதம் ஒன்றாகக் குறைத்தோம்.

கரிசல்:
நீக்கிய பிறகு யார் சார் பதில் சொல்வார்கள்? கேள்வி முன்னால்தான். கடை நடத்துகிறவனுக்குத்தான் வலி தெரியும்.

விதைநெல்:
முன்னால் வைத்தால் கையில் பட்ட முதல் கட்டத்தைத் தட்டிவிட்டு ஓடுவார்கள், அதை வைத்து என்ன தெரிந்துகொள்வீர்கள்? அமெரிக்காவின் 2003 சட்டப்படி, விலகுபவரிடம் மின்னஞ்சல் முகவரியும் எந்த மடல் வேண்டாம் என்பதும் தவிர வேறு விவரத்தைக் கட்டாயமாகக் கேட்கக் கூடாது.

கரிசல்:
நான் இருப்பது கோவில்பட்டியில், அமெரிக்காவில் இல்லை.

விதைநெல்:
நம் நாட்டின் 2023 தரவுப் பாதுகாப்புச் சட்டமும் சம்மதம் கொடுப்பது எவ்வளவு சுலபமோ அதே சுலபத்தில் திரும்பப் பெற வழி வேண்டும் என்கிறது. சேரும்போது காரணம் கேட்டீர்களா?

மாடித்தோட்டம்:
நான் வெறும் வாசகி. ஒரு மசாலா கம்பெனி இப்படித்தான் மறித்தது. "இதர" என்பதைத் தட்டினால் பெட்டி திறந்து, எழுதாமல் நகர விடவில்லை. ஸ்பேம் என்று அமுக்கிவிட்டேன்.

கரிசல்:
அது அவசர புத்தி மேடம்.

மாடித்தோட்டம்:
விலக வந்தவளை நிற்க வைத்துக் கேள்வி கேட்டுவிட்டு எனக்கு அவசர புத்தியா?

விதைநெல்:
ஆபத்து உங்களுக்குத்தான் கரிசல். நாளுக்கு 5,000 மடலுக்கு மேல் அனுப்புவோரின் ஸ்பேம் புகார் 0.3 சதவீதத்தைத் தொடக் கூடாது, ஒரே சொடுக்கில் விலகவும் முடிய வேண்டும் என்று ஜிமெயில் 2024-லிருந்து கறாராக இருக்கிறது.

கரிசல்:
நான் அனுப்புவது எண்ணூறு. கேள்வி முன்னால்தான். அப்புறம், புத்தகக் கண்காட்சியில் குலுக்கல் கூப்பன் எழுதியவர்களையெல்லாம் பட்டியலில் ஏற்றியது யார்?

விதைநெல்:
"மடல் அனுப்பலாமா" என்று கூப்பனில் தனிக் கட்டம் இருந்தது. டிக் இருந்தவர்களைத்தான் சேர்த்தோம்.

மாடித்தோட்டம்:
நானும் எழுதினேன். டிக் ஏற்கெனவே அச்சாகியிருந்தது.

விதைநெல்:
அது வேறு கதை, தனி இழையில் பேசலாம். இங்கே பேச்சு ஒன்றுதான்: விலகிய பிறகு கேளுங்கள்.

கரிசல்:
முன்னால். கூப்பனுக்குப் பதில் சொல்லுங்கள் முதலில்.