மூலம்: ஓபியிலும் வார்டிலும் கண்டவை

செவிலியர், அறுவை ஓபி

மூலம் என்று சொல்லிக்கொண்டு வருகிற எல்லோருக்கும் மூலம் இருப்பதில்லை. மலம் போகும்போது கண்ணாடித் துண்டால் கீறினதுபோல் வலித்து, எழுந்து வந்த பிறகும் ஒன்றிரண்டு மணி நேரம் எரிந்தால் அது பெரும்பாலும் ஆசனவாய் வெடிப்பு. பக்கத்தில் ஒரு சின்னத் துளையிலிருந்து சீழ் கசிந்து உள்ளாடையில் கறை படிந்தால் பௌத்திரமாக இருக்கலாம். காய்ச்சலோடு விண்விண்ணென்று தெறித்தால் சீழ்க்கட்டி. அது களிம்புக்கு அடங்காது, தாமதிக்காமல் கீறிவிட வேண்டும்.

உள்மூலம் வழக்கமாக வலிக்காது. ஆசனவாய்க்கு உள்ளே சுமார் 2 செ.மீ. உயரத்தில், பல் வரிசைபோல் மேடுபள்ளமாக ஒரு கோடு இருக்கிறது. அதற்கு மேலே குத்தினாலும் தெரியாது. கீழே ஊசி முனை பட்டாலே துடிக்கும். உள்மூலம் கோட்டுக்கு மேலே, வெளிமூலம் கீழே. மூலத்துக்குச் செய்யும் வைத்தியம் எல்லாமே இந்தக் கோட்டை வைத்துத்தான் நடக்கிறது.

இந்த வித்தியாசம் தெரியாமல் வெடிப்புக்கு மூலக் களிம்பு போட்டு மாதக்கணக்கில் வேதனைப்படுபவர்கள் நிறைய. கூச்சத்தால் யாரிடமும் காட்டாமல் இருப்பதுதான் காரணம். பரிசோதனை இடது பக்கம் ஒருக்களித்துப் படுத்த நிலையில் சில நிமிடங்களில் முடிந்துவிடும். தயவுசெய்து காட்டிவிடுங்கள்.

பொது அறுவை மருத்துவர்

சிஸ்டர் சொன்னதோடு ஒன்று. "வெளியே வருவது தானாக உள்ளே போகிறதா, கையால் தள்ள வேண்டியிருக்கிறதா?" இந்த ஒரு கேள்விக்கான பதிலில் பாதி சிகிச்சை முடிவாகிவிடும். வெளியே வராமல் ரத்தம் மட்டும் என்றால் முதல் நிலை. முக்கும்போது வந்து தானே போனால் இரண்டாம் நிலை. தள்ளினால்தான் போகும் என்றால் மூன்று. தள்ளியும் போகாவிட்டால் நான்கு. முதல் இரண்டு நிலைகளுக்குக் கத்தி தேவைப்படுவது அபூர்வம்.

திடீரென்று ஆசனவாய் ஓரத்தில் கருநீலமாக, திராட்சை அளவுக்குக் கட்டி வந்து உட்கார முடியாமல் போவது வேறு விஷயம். வெளிமூலத்துக்குள் ரத்தம் உறைந்திருக்கிறது. வலி தொடங்கி 72 மணி நேரத்துக்குள் வந்தால் மரப்பு ஊசி போட்டு அகற்றிவிடலாம், உடனே நிம்மதி. அதற்குமேல் ஆகிவிட்டால் வலி தானே இறங்கத் தொடங்கியிருக்கும். அப்போது வெட்டினால் புண்ணின் வலிதான் மிச்சம்.

மருந்தாளுநர்

களிம்பிலிருந்து தொடங்குவது தவறான வரிசை. மலம் இளகாமல் எதுவும் நிற்காது. நார்ச்சத்து நாளுக்கு 25 முதல் 30 கிராம் வேண்டும். உணவில் எட்டாவிட்டால் இசப்கோல் என்ற விதை உமி. ஒரு தேக்கரண்டியை ஒரு பெரிய டம்ளர் தண்ணீரில் கலக்கி, கெட்டிப்படுவதற்குள் குடித்து, மேலே இன்னொரு டம்ளர் தண்ணீர். வாரம் போகப்போக அளவைக் கூட்டலாம். முதல் நாளே மூன்று கரண்டி போட்டால் வயிறு உப்பி, மறுநாள் டப்பாவை ஓரம் கட்டிவிடுவார்கள். தண்ணீர் குறைந்தால் அதே உமி உள்ளே அடைத்துக்கொண்டு மலச்சிக்கலைக் கூட்டும். இரண்டு மூன்று நாளில் மலம் இளகும். ரத்தம் நிற்க ஆறு வாரம்கூட ஆகலாம். பத்தாம் நாள் "பலனில்லை" என்று நிறுத்துவதுதான் அதிகம் நடக்கிறது.

ஸ்டீராய்டு கலந்த களிம்பை ஒரு வாரத்துக்கு மேல் போடக்கூடாது. தோல் மெலிந்து, அரிப்பு முன்பைவிட மோசமாகும். மரப்புக் களிம்பும் நாள்பட்டால் ஒவ்வாமை தரும். எந்தக் களிம்பும் மூலத்தை நிரந்தரமாகச் சுருக்காது, அரிப்பையும் எரிச்சலையும் தணிக்கும், அவ்வளவுதான்.

வெந்நீர்த் தொட்டியில் உட்காருவது 10 முதல் 15 நிமிடம், நாளுக்கு இரண்டு மூன்று முறை. முழங்கையை விட்டுப் பார்த்தால் இதமாக இருக்கவேண்டும். உப்போ கிருமிநாசினியோ வேண்டியதில்லை; கிருமிநாசினி புண்ணை எரிக்கும். கழிப்பறையில் ஐந்து நிமிடத்துக்கு மேல் உட்காரவேண்டாம், கைப்பேசியை வெளியே வைத்துவிட்டுப் போங்கள். மேற்கத்திய கழிப்பறை என்றால் காலுக்கடியில் ஒரு சின்ன முக்காலி வையுங்கள். முழங்கால் இடுப்பைவிட உயர்ந்தால் முக்க வேண்டிய அவசியம் குறையும்.

பொது அறுவை மருத்துவர்

இதிலும் அடங்காத இரண்டாம் நிலைக்கும், மூன்றாம் நிலையில் பலருக்கும் ரப்பர் பேண்ட் போதும். மயக்க மருந்து வேண்டாம். குழாயை உள்ளே விட்டு, உறிஞ்சு கருவியால் மூலத்தின் மேற்பகுதியை இழுப்போம். கருவியின் விளிம்பில் விரிந்து நிற்கும் பேண்டை விட்டதும் அது சுருங்கி, சதையின் கழுத்தை இறுக்கும். இளஞ்சிவப்பாக இருந்த சதை கண்ணெதிரே கருத்துப் போகும். ஒரு வாரம் பத்து நாளில் அது உலர்ந்து பேண்டோடு உதிரும். பலருக்கு அது உதிர்ந்ததே தெரியாது.

பிழை நடப்பது உயரத்தில். பேண்ட் கோட்டுக்கு மேலே ஒரு செ.மீ.யாவது தள்ளி விழவேண்டும். உறிஞ்சிய உடனே "வலிக்கிறதா?" என்று கேட்டு, ஆம் என்றால் விட்டுவிட்டு இன்னும் மேலே போகவேண்டும். அடிவயிறு கனப்பதும் மலம் வருகிற உணர்வும் ஒரு நாள் இரண்டு நாள் இருக்கும். அந்த உணர்வை நம்பிப் போய் முக்கினால் பேண்ட் நழுவிவிடும். போட்டவுடன் தாங்க முடியாத வலி என்றால் வீட்டுக்குப் போகாதீர்கள், அங்கேயே பேண்டை வெட்டி எடுத்துவிடலாம். காய்ச்சல், கூடிக்கொண்டே போகும் வலி, சிறுநீர் போக முடியாமை ஆகியவை சேர்ந்து வந்தால் அது இடுப்புக்குள் தொற்று. அரிதுதான், ஆனால் உயிரைப் பறிக்கும். அன்றிரவே மருத்துவமனைக்கு வரவேண்டும். லேட்டக்ஸ் (இயற்கை ரப்பர்) ஒவ்வாமையையும் ரத்தம் உறையாமல் இருக்கச் சாப்பிடும் மாத்திரையையும் முன்கூட்டியே சொல்லிவிடவேண்டும்.

நான்காம் நிலை, அல்லது உள்ளும் வெளியும் சேர்ந்து பெருத்த மூலம் என்றால் அறுவை. 1937-இல் மில்லிகன், மார்கன் விவரித்த முறையில் மூலத்தை வெட்டி எடுத்து, புண்ணைத் திறந்தே விடுவோம். ஃபெர்குசன் முறையில் தைத்து மூடுவோம். இரண்டிலும் வெட்டிய இடங்களுக்கு நடுவே வெட்டாத தோலைப் பாலம்போல் விடவேண்டும். ஆசையாக எல்லாவற்றையும் வழித்து எடுத்தால் ஆசனவாய் சுருங்கி, பிறகு விரல் நுழையவும் இடம் இருக்காது. மூலத்துக்கு மேலே உள்ள சவ்வை வளையமாக வெட்டி, பின்களால் இணைக்கும் ஸ்டேப்ளர் முறையில் முதல் வாரங்களில் வலி குறைவு, ஆனால் மூலம் திரும்ப வருவது அதிகம். 777 பேரை வைத்து பிரிட்டனில் நடந்து 2016-இல் வெளியான ஆய்வு இதைத் தெளிவாகவே காட்டியது. என் தேர்வு இன்னும் பழைய முறைதான்.

லேசர் என்றால் வலியே இல்லை, திரும்ப வராது என்று யாராவது உறுதி கொடுத்தால், எந்த நிலைக்கு, திரும்ப வந்தால் அடுத்து என்ன என்று கேளுங்கள். தகுதியில்லாதவர் போடும் "மூல ஊசி" பக்கமே போகவேண்டாம். அரிக்கும் ரசாயனத்தால் சதை அழுகி வருகிறவர்களை ஆசனவாய் சுருக்கத்தோடுதான் காப்பாற்ற முடிகிறது.

செவிலியர், அறுவை வார்டு

அறுவைக்குப் பிறகு நோயாளிக்குப் பெரிய பயம் முதல் மலம். இரண்டாம் நாளிலிருந்து நான்காம் நாளுக்குள் வரும். பயந்து அடக்கினால் கல்லாகி, புண்ணைக் கிழிக்கும். ஆகவே மலமிளக்கி அன்றிரவே தொடங்கவேண்டும். பாராசிட்டமாலை வலிக்கும்போது மட்டும் போடாமல், முதல் சில நாட்கள் எழுதிக்கொடுத்த இடைவெளியில் தவறாமல் போடுங்கள். டிரமடால், கோடீன் போன்றவை வலியைக் குறைத்தாலும் மலத்தை இறுக்கும். மலமிளக்கி இல்லாமல் அவற்றைத் தொடர்ந்தால் நான்காம் நாள் அழுகைதான். மெட்ரோனிடசோல் என்ற நுண்ணுயிர்க்கொல்லி மாத்திரை சிலருக்கு வலியைக் குறைக்கிறது.

அறுவை முடிந்த மாலையில் சிறுநீர் வராமல் அடிவயிறு உப்புவதைக் கவனிக்கவேண்டும், குறிப்பாக ஆண்களுக்கு. தொட்டி வெந்நீரில் உட்கார்ந்தபடியே கழிக்கச் சொல்லுவோம், பலருக்கு அதிலேயே வந்துவிடும். துடைக்கக் காகிதம் வேண்டாம், தண்ணீரால் கழுவி ஒற்றி எடுத்தால் போதும். புண் ஆற நான்கு முதல் ஆறு வாரம். ஓரத்தில் தோல் தொங்கி நின்றால் அது மூலம் திரும்பியதல்ல, வீக்கம் வடிந்த தோல்.

எண்டோஸ்கோப்பி செவிலியர்

மலம் போன பிறகு சொட்டுகிற பளிச்சென்ற சிவப்பு, பெரும்பாலும் மூலத்தின் ரத்தம். மலத்தோடு கலந்து கருஞ்சிவப்பாக வந்தால், மலப் பழக்கம் சில வாரமாக மாறியிருந்தால், எடை குறைந்தால், குடும்பத்தில் குடல் புற்று இருந்தால், வயது 45-ஐத் தாண்டியிருந்தால் கொலோனோஸ்கோப்பி (பெருங்குடலுக்குள் கேமராக் குழாய் விட்டுப் பார்க்கும் பரிசோதனை) கேளுங்கள். ரத்தச்சோகையை மூலத்தின் தலையில் போட்டுவிட்டுக் குடலைப் பார்க்காமல் விட்டதுதான் இங்கே காணும் மிக வருத்தமான தவறு. மூலம் கண்ணுக்குத் தெரிகிறது என்பதால் மேலே வேறொன்று இல்லை என்று ஆகிவிடாது.

செவிலியர், அறுவை வார்டு

ஒன்று விட்டுப்போயிற்று. அறுவையோ பேண்டோ முடிந்து 7-ஆம் நாளிலிருந்து 14-ஆம் நாள் வரை ரத்தம் திடீரென்று வரலாம். வீட்டுக்குப் போய்ச் சரியாகிவிட்டது என்று நினைத்திருக்கும் நேரம் அது. சில சொட்டு என்றால் பயமில்லை. கட்டி கட்டியாக வந்தால், தலை சுற்றினால், கழிப்பறைத் தொட்டி சிவந்துபோனால், உடனே படுக்கவைத்து ஆம்புலன்ஸ் கூப்பிடுங்கள். தனியாக வண்டி ஓட்டி வரவேண்டாம். மயக்க மருந்து தேவைப்படலாம் என்பதால் எதுவும் உண்ணவோ குடிக்கவோ வேண்டாம். டிஸ்சார்ஜ் சீட்டையும் சாப்பிடுகிற மாத்திரைகள் அத்தனையையும் ஒரே பையில் போட்டு எடுத்து வாருங்கள்.