மண்டியா, ஹாசன்: சாதி ஓட்டு வீட்டு ஓட்டாக மாறாத இடங்கள்

“பழைய மைசூர்ப் பக்கம் ஒக்கலிகர் ஓட்டு தேவகவுடா வீட்டுக்குத்தான்” என்று கண்ணை மூடிக்கொண்டு எழுதுகிறார்கள். பழைய மைசூர் என்றால் கர்நாடகத்தின் தென்பகுதி, ஒக்கலிகர் அங்கே பெரிய சாதி, முன்னாள் பிரதமர் தேவகவுடாவும் அந்தச் சாதிதான். 2019 மண்டியா கணக்கைப் பாருங்கள். அந்த மக்களவைத் தொகுதிக்குள் எட்டு சட்டமன்றத் தொகுதிகள். 2018இல் எட்டிலும் ஜெயித்தது தேவகவுடாவின் மதச்சார்பற்ற ஜனதா தளம் (ம.ஜ.த.). மறு வருடமே, தேவகவுடாவின் மகன் குமாரசாமி முதல்வராக இருக்கும்போதே, அவர் மகன் நிகில் அங்கே 1,25,876 ஓட்டில் தோற்றார். ஜெயித்த சுயேச்சை சுமலதா, மறைந்த கன்னட நடிகரும் அரசியல்வாதியுமான அம்பரீஷின் மனைவி. அம்பரீஷும் ஒக்கலிகர்தான், அதுவும் மண்டியா மண். சாதி இரண்டு பக்கமும் இருந்ததால், சாதியைச் சொல்லி ஓட்டுக் கேட்க வழியில்லாமல் போனது. சுமலதா என்ற பெயரிலேயே இன்னும் மூன்று பேர் நின்றார்கள். பெயரை மட்டும் சொல்லிப் பிரச்சாரம் செய்தால் இப்படிப்பட்ட இடத்தில் ஓட்டு சிதறும். வரிசை எண்ணையும் சின்னத்தையும் வீடு வீடாகப் பதிய வைக்க வேண்டும்.

*

சரிதான் சார், ஆனால் கூட்டணியை விட்டுவிட்டீர்களே. மேலே காங்கிரசும் ம.ஜ.த.வும் கைகுலுக்கின. மண்டியா கிராமங்களில் காலங்காலமாக மோதிக்கொண்டதே இந்த இரண்டு கட்சிக்காரர்கள்தான். நேற்றுவரை எதிரே நின்றவனுக்குப் பூத் ஏஜெண்டாக உட்காரச் சொன்னால் யார் உட்காருவார்கள்? பா.ஜ.க.வும் ஆளை நிறுத்தாமல் சுமலதாவை ஆதரித்தது. இன்னொன்று, ம.ஜ.த. போட்டியிட்ட ஏழு இடத்தில் மூன்று ஒரே வீட்டுக்கு. ஹாசனைப் பேரன் பிரஜ்வலுக்குக் கொடுத்துவிட்டுத் தாத்தா தேவகவுடா தும்கூர் தொகுதிக்குப் போனார். அங்கே சிட்டிங் காங்கிரஸ் எம்.பி.க்கு சீட் இல்லை. தேவகவுடா 13,339 ஓட்டில் தோற்றார். ஏழில் மிஞ்சியது ஹாசன் ஒன்றுதான்.

*

அதனால்தான் சாதித் தொகையைக் கூட்டுவதற்கு முன்னால், யாருக்கு பி-ஃபார்ம் (இவர்தான் எங்கள் வேட்பாளர் என்று கட்சி கொடுக்கும் தாள்) போனது, யாருக்கு மறுக்கப்பட்டது என்று பார்க்கச் சொல்கிறேன். இருபது வருடம் கொடி பிடித்தவன் அந்த ஒரு தாளில்தான் உடைகிறான். 2023இல் ஹாசன் சட்டமன்றத்துக்கு தேவகவுடாவின் மருமகள், பிரஜ்வலின் அம்மா பவானி ரேவண்ணா சீட் கேட்டார். குமாரசாமி விடவில்லை. ஸ்வரூப் பிரகாஷ் நின்று, 7,854 ஓட்டில் பா.ஜ.க.விடமிருந்து தொகுதியை மீட்டார். குடும்பத்துக்கு வெளியே சீட் போனது நல்லதுதான். ஆனால் அவரும் அந்தத் தொகுதியின் முன்னாள் எம்.எல்.ஏ. எச்.எஸ். பிரகாஷின் மகன்.

2024 ஹாசன் மக்களவையிலும் அப்படியே. பிரஜ்வல் மீதான பாலியல் புகார்கள் வெடித்த தேர்தல் அது, அதைத் தனியாகக் கணக்கில் வைக்க வேண்டும். அவரைத் தோற்கடித்த காங்கிரஸ் வேட்பாளர் ஸ்ரேயஸ் படேல், 1999இல் இதே ஹாசனில் தேவகவுடாவைத் தோற்கடித்த புட்டசாமி கவுடாவின் பேரன்.