பொலிமர் தண்ணி குடிக்காதாம்!

ஆளிஎண்ணெய்: கல்கிசைக்காற்று நேற்று இந்தத் துவக்கு ஃபோரத்தில எழுதினது இது: “கொழும்பு ஈரத்தில மரக்கட்டைத் துவக்கு வைச்சிருக்கிறவன் வீட்டுத் தளபாடம் வைச்சிருக்கிறான். பொலிமர் ஒரு சொட்டுத் தண்ணி குடியாது.” ஐசே, துவக்குக் கட்டை செய்யிற நைலோன் 66 எண்ட பொலிமர் ஊறினா தன்ர நிறையில 8.5 வீதம் வரைக்கும் குடிக்கும். ஒரு சொட்டாம்!

கல்கிசைக்காற்று: “ஊறினா.” துவக்கை ஆர் வாளிக்குள்ள ஊறப்போடுறது? 50 வீத ஈரப்பதனில 2.5 வீதம்தான். உங்கட வால்நட் கட்டை நாருக்குக் குறுக்கால விரியும், முன்கட்டை முறுகிப் பரலில, அதான் குழலில, முட்டும், சூடு விழுற இடம் மாறும். வியட்நாம் மழையில எம்14 றைபிளிட மரக்கட்டைகள் ஊதித்தானே அமெரிக்கன் ஃபைபர்கிளாசுக்கு மாறினவன்?

ஆளிஎண்ணெய்: ஃபைபர்கிளாஸ் நைலோன் இல்லை. கொழும்பில 50 வீதம் எந்த மாதம்? ஏசி அறைக்குள்ளயோ? வெளியில 75, 80. நைலோன் குடிக்கும்.

மூன்றாம்பேர்: குடிச்சாத்தான் நைலோன் நொறுங்காது. காய்ஞ்சது வெடிக்கும்.

ஆளிஎண்ணெய்: நொறுங்காது, ஆனா இளகும். மலிவு நைலோன் கட்டையைப் பைபொட் எண்ட ரெண்டுகால் தாங்கியில வைச்சு அமத்துங்கோ, முன்கட்டை வளைஞ்சு பரலில முட்டும். மரத்துக்கெண்டா வைத்தியம் இருக்கு. ஒரு கடதாசித் துண்டைப் பரலுக்குக் கீழ குடுத்து நுனியிலயிருந்து உள்ளுக்கு இழுங்கோ. இறுகிற இடத்தைச் சாண்ட்பேப்பரால தேயுங்கோ. தேய்ச்ச இடத்துக்கும், பின்தகட்டைக் கழட்டினாத் தெரியிற வெட்டுமுகத்துக்கும் எண்ணெய் பூசோணும். தண்ணி கூடுதலா ஏறுறது அந்த வெட்டுமுகத்தாலதான், கனபேர் அதைத் தொடுறதேயில்லை. ஆக்ஷன், அதான் பரல் பூட்டியிருக்கிற இரும்புப் பகுதி, குந்துற பள்ளத்துக்கு எபொக்சிப் பசை. இரும்பில முதல் மெழுகு பூச மறந்தீங்களோ, பிறகு சுத்தியலாலயும் பிரிக்கேலாது. வெறும் மரத்தில ஸ்குரூவை முறுக்கிற இறுக்கம் 40 அங்குல இறாத்தலுக்கு மேல போனா நார் நசிஞ்சு திரும்பத் திரும்பத் தளரும். ஸ்குரூ ஓட்டைக்குள்ள அலுமினியக் குழாய் இறக்கினா 65 தாங்கும்.

கல்கிசைக்காற்று: ஒரு துவக்குக்கு ஒரு தச்சுப்பட்டறை! நான் சொன்னதுக்கு நீங்களே சாட்சி. உங்கட ஆளி எண்ணெய், லின்சீட் ஒயில், ஈரத்தை மறிக்காது, சுணக்கும், அவ்வளவுதான்.

கொட்டாஞ்சேனை75: அதென்ன துவக்கு? துப்பாக்கி எண்டு தமிழில எழுதுங்கோவன்.

ஆளிஎண்ணெய்: துப்பாக்கி மட்டும் தொல்காப்பியத்திலயோ இருக்கு? ரெண்டும் துருக்கிப் பக்கத்துச் சொல்தான்.

மூன்றாம்பேர்: ஒருத்தர் நீட்டுத் துவக்குக் கட்டையைக் கதைக்கிறார், மற்றவர் பொலிமர் எண்டு எல்லாத்தையும் ஒரு சாக்கில போடுறார். கைத்துப்பாக்கியில மரம் பிடியில மட்டும்தானே. கிளொக் 17 கைத்துப்பாக்கியில பிடியோட சேந்த சட்டம் பொலிமர். மேல முன்னும் பின்னும் ஓடுற சிலைட், பரல் இரும்பு. சிலைட் ஓடுற தண்டவாளமும் சட்டத்துக்குள்ள வைச்சு வார்த்த இரும்புத் தகடு. எதை எதோட ஒப்பிடுறியள் எண்டு முதல்...

கல்கிசைக்காற்று: பாத்தீங்களோ, கிளொக்! வெறும் மகசினோட 700 கிராம் சொச்சம். 1911 எண்ட பழைய கைத்துப்பாக்கி எண்டா 1.1 கிலோ இரும்பு.

ஆளிஎண்ணெய்: நிறையை ஆர் கேட்டது? தண்ணியைக் கேட்டது. நீங்கள் போன முறையும் பிழை விட்டிட்டு நிறைக்குத்தான் ஓடினீங்கள். கல்கிசை உப்புக்காத்தில பொலிமர்காரன் வெளியைத் துடைச்சிட்டு “துருப்பிடிக்காது” எண்டு ஸ்பொஞ்ச் போட்ட பெட்டிக்குள்ள மூடிவைப்பான். ஸ்பொஞ்ச் ஈரத்தைப் பிடிச்சு வைச்சிருக்கும், உள்ள ஊசியும் ஸ்பிரிங்கும் மண்ணிறமாகும்.

கல்கிசைக்காற்று: அது ஆளிட பிழை, பொலிமரிட பிழை இல்லை. 1959 இலயே ரெமிங்டன் நைலோன் 66 எண்ட .22 றைபிள் வந்தது, பத்து லட்சத்துக்கு மேல வித்தது. கட்டை முழுக்க நைலோன்.

ஆளிஎண்ணெய்: பேரைத் திருப்பி வாசியுங்கோ. நைலோன் 66. 8.5 வீதம்.

கல்கிசைக்காற்று: ஊறினா!

கொட்டாஞ்சேனை75: நான் கேட்டதுக்கு இன்னும் பதில் இல்லை. துப்பாக்கி எண்டு எழுதினா என்ன குறைஞ்சுபோகும்?

ஆளிஎண்ணெய்: 8.5.