மறுமொழி: ‘கட்டாயமற்ற, விவரமறிந்த முன்னிசைவு’

அன்புள்ள மணிவண்ணன் ஐயா,

> ‘சுதந்திரமான, முன்கூட்டிய, தகவலறிந்த ஒப்புதல்’ ஏற்கெனவே புழங்குகிறதே?

பழங்குடி மக்களின் நிலத்தில் ஒரு திட்டம் வருமுன் அவர்களிடம் பெற வேண்டிய ‘free, prior and informed consent’ என்பதற்கு நான் முன்வைத்த தமிழ்தான் தலைப்பில் இருப்பது. நீங்கள் சொல்வதில் ‘ஒப்புதல்’ என்பதுதான் இடறுகிறது. நிர்வாக ஒப்புதல், திட்ட ஒப்புதல் எல்லாம் அதிகாரி தருபவை. இங்கே கேட்க வேண்டியது அரசு, தருவதோ மறுப்பதோ மக்கள். ஐ.நா.வின் 2007ஆம் ஆண்டுப் பழங்குடி மக்கள் உரிமைப் பிரகடனத்தில் 32ஆம் உறுப்பு, நிலத்தைப் பாதிக்கும் திட்டத்தை அனுமதிக்குமுன் இதைப் பெறும் நோக்கில் அரசு மக்களோடு கலந்துபேச வேண்டும் என்கிறது. 10ஆம் உறுப்பு இன்னும் கண்டிப்பானது: இது இல்லாமல் யாரையும் இடம்பெயர்க்கவே கூடாது. ‘இசைவு’ என்றால் இசைவு மறுத்தல், இசைவை விலக்கிக்கொள்ளல் எல்லாம் இயல்பாக அமையும்.

‘முன்’ என்பதை அடைமொழியாகத் தொங்கவிடாமல் சொல்லோடு ஒட்டியதற்கும் காரணம் உண்டு. குழி தோண்டுவதற்கு முன் கேட்டால் போதாது, உரிமம் தருவதற்கே முன் கேட்க வேண்டும். நார்வேயின் ஃபோசன் பகுதியில் கலைமான் மேய்க்கும் ‘சாமி’ என்னும் பழங்குடி மக்களின் பண்பாட்டு உரிமை மீறப்பட்டது, காற்றாலைத் திட்டத்தின் உரிமம் செல்லாது என்று அந்நாட்டு உச்ச நீதிமன்றம் 2021 அக்டோபர் 11 அன்று தீர்ப்பளித்தது. அதற்குள் 151 காற்றாலைகள் எழுந்து சுழன்றுகொண்டிருந்தன. தீர்ப்புக்குப் பிறகும் அவை நிற்கவில்லை. காலநிலைக்கு நல்லது என்று சொல்லி வரும் திட்டத்தில்தான் இந்த ‘முன்’ எளிதாகத் தவறவிடப்படுகிறது.

‘பங்கேற்பு’ வேறு, இது வேறு. காலநிலை மாநாடுகளில் பழங்குடிப் பேராளர்கள் பார்வையாளர்களே. முடிவு நாடுகளின் கையில். 2018இல் போலந்தின் கட்டோவிட்சே மாநாட்டில் அமைத்த 14 பேர் பணிக்குழுவில் மட்டும் நாடுகளுக்கு 7, பழங்குடிகளுக்கு 7 என்று சமமான இருக்கைகள். காடு காக்கும் திட்டங்களுக்கான 2010ஆம் ஆண்டுக் கான்கூன் காலநிலை மாநாட்டின் காப்புவிதிகள் கேட்பதும் முழுமையான பங்கேற்பையே. அங்கெல்லாம் ‘முன்னிசைவு’ என்று மொழிபெயர்த்தால், இல்லாத உரிமையை இருப்பதாகக் காட்டிவிடுவோம்.

‘விவரமறிந்த’ என்பதற்கு, காடு சேர்த்துவைக்கும் கார்பனைக் கணக்கிட்டு விற்கும் கார்பன் ஒப்பந்தமே நல்ல எடுத்துக்காட்டு: எத்தனை ஆண்டு, விற்பனையில் ஊருக்கு எவ்வளவு பங்கு, காடு தீப்பிடித்தால் இழப்பு யார் தலையில், நடுவில் விலகலாமா. இவை ஊர்மொழியில் சொல்லப்பட வேண்டும். கூட்டத்துக்கு வந்தவர்களின் வருகைப் பதிவேட்டுக் கையெழுத்தை இசைவாகக் காட்டுவதுதான் மோசமான ஏமாற்று.

தேன்மொழி

---

அன்புள்ள தேன்மொழி,

‘இசைவு’ சரி, ஏற்கிறேன். ஆனால் யாருடைய இசைவு என்பது சொல்லில் இல்லையே அம்மா. தலைவர் ஒருவரைப் பிடித்துக் கையெழுத்து வாங்கினாலும் அது முன்னிசைவு ஆகிவிடும். நம் வன உரிமைச் சட்ட விதிகளில், 2012 திருத்தத்துக்குப் பின், கிராம சபைக்கு உறுப்பினரில் பாதிப் பேராவது வர வேண்டும், வந்தவர்களில் மூன்றில் ஒரு பங்கு பெண்கள் இருக்க வேண்டும். 2013இல் ஒடிசாவின் நியாம்கிரி மலைப்பகுதியில் 12 ஊர்ச்சபைகளும் பாக்சைட் சுரங்கத்தை மறுத்தது இப்படிக் கூடித்தான். ‘குடியிசைவு’ என்று பார்த்தேன், குடியுரிமையோடு குழம்புகிறது. சொல் நீங்கள் சொன்னதே இருக்கட்டும். விளக்கத்தில் இப்படிச் சேர்க்கலாம்:

முன்னிசைவு: தம்மையோ தம் நிலத்தையோ பாதிக்கும் ஒரு திட்டத்துக்கு, அது அனுமதிக்கப்படும் முன்பே, முழு விவரமும் அறிந்து, அச்சுறுத்தலின்றி, ஒரு பழங்குடிச் சமூகம் தன் வழக்கப்படி கூடி எடுக்கும் முடிவு, மறுப்பும் இதில் அடங்கும்.

மணிவண்ணன்