ஏழு பேரையும் எப்படிக் கூப்பிடுவது?

பம்பலப்பிட்டிக்குப் புதியவன்:

போன மாதம் காலி வீதியிலுள்ள ஓர் அலுவலகத்தில் கணக்குப் பிரிவுக்குப் பொறுப்பாக வந்தேன். ஊர் யாழ்ப்பாணம். பிரிவில் என்னைத் தவிர ஏழு பேர், ஏழு பேரும் பெண்கள். இளையவருக்கு 23 வயது, மூத்தவருக்கு 58. நால்வர் தமிழர், இருவர் சிங்களவர், ஒருவர் மருதானையிலிருந்து வரும் முஸ்லிம் பெண். முதல் நாள் காலையில் எல்லோரையும் என் மேசையருகே கூப்பிட வேண்டியிருந்தது. ஊரில் நாக்குக்குப் பழகியது தானாக வந்துவிட்டது: "பிள்ளைகள், ஒருக்கால் இங்கே வாருங்கள்."

ஆறு பேர் வந்தார்கள். மூத்தவர் கதிரையை விட்டு எழவில்லை. அருகே போய்க் கேட்டேன். "பிள்ளைகளைத்தானே கூப்பிட்டீர்கள்? என் மூத்த பிள்ளைக்கே உங்கள் வயது இருக்கும்," என்றார். கோபமில்லை. பேரேட்டைப் புரட்டியபடியே சொன்னார். அதுதான் இன்னும் சுட்டது.

மறுநாள் "அக்காமார்" என்று தொடங்கினேன். 23 வயதுக்காரி, "நான் எப்போது உங்களுக்கு அக்காவானேன், சேர்?" என்று கேட்டாள். அறை முழுவதும் சிரிப்பு. அடுத்த நாள் "லேடீஸ்". கழிப்பறைக் கதவிடம் பேசுவது போல எனக்கே இருந்தது.

இதில் ஒரு விசித்திரம். தனித்தனியாகப் பேசும்போது தலையிடி வேறு: நீயா, நீரா, நீங்களா? எங்கள் ஊரில் உரிமையோடு சொல்லும் "நீர்", கொழும்பில் வளர்ந்த சிலரின் காதில் அதட்டலாக விழுகிறது. ஏழு பேரிடமும் சேர்த்துப் பேசினால் அந்தத் தொல்லை இல்லை. நீயும் நீரும் கரைந்து "நீங்கள்" ஆகிவிடுகின்றன. வாக்கியத்தின் வாலைத் தமிழே பார்த்துக்கொள்கிறது, தலைக்குத்தான் சொல் கிடைக்கவில்லை. நீங்கள் எல்லாம் என்ன செய்கிறீர்கள்?

வெள்ளவத்தை வங்கிக்காரி:

எங்கள் கிளையில் சிங்களச் சகோதர ஊழியர்கள் "மிஸ்லா" என்று முடித்துவிடுவார்கள். கல்யாணம் முடித்தவர், முடிக்காதவர், ஓய்வுக்கு நாள் எண்ணுகிறவர் எல்லோரும் மிஸ்தான். அந்த "லா" நம்முடைய "மார்" செய்கிற வேலையைச் செய்கிறது. ஆனால் "மிஸ்மார்" என்று தமிழில் சொன்னால் பள்ளிக்கூடத்து ஆசிரியைகள் வரிசையாக வருகிற மாதிரி இருக்கிறது.

என் கதை வேறு. முன்பு வேலை செய்த இடத்தில் ஓர் அதிகாரி இருந்தார். ஆண்களைக் கூப்பிடும்போது பிரிவின் பெயரைச் சொல்வார். எங்களை மட்டும் "கேர்ள்ஸ்" என்பார். கெட்ட மனிதரல்ல, மழை நாட்களில் நேரத்தோடு வீட்டுக்கு அனுப்பிவிடுவார். கடன் பிரிவில் நாங்கள் ஐந்து பேர், அதில் மூவர் பெண்கள். ஒருநாள் வாசலில் நின்று, "கடன் பிரிவு மேலே வாருங்கள், கூட்டம்" என்றார். ஐவரும் எழுந்து போனோம். மாடிப்படியில் திரும்பிப் பார்த்து எங்கள் மூவரிடமும், "உங்களைக் கூப்பிடவில்லையே" என்றார். "நாங்களும் கடன் பிரிவுதான், சேர்" என்றேன். அவருடைய முகம் போன போக்கைச் சொல்ல முடியாது. அவர் பொய் சொல்லவில்லை, உண்மையாகவே எங்களை எண்ணியிருக்கவில்லை! அன்று அந்தக் கூட்டத்தில் உட்கார்ந்தோம். அதற்குப் பிறகு "கேர்ள்ஸ்" என்ற சொல் அவர் வாயில் வரவில்லை.

அதனால் கேட்கிறேன், தம்பி: உங்கள் பிரிவில் ஏழு ஆண்கள் இருந்திருந்தால் என்ன சொல்லிக் கூப்பிட்டிருப்பீர்கள்? "பையன்களே" என்றா?

புறக்கோட்டைத் துணிக்கடை:

"தங்கச்சிமாரே" என்று நுழைபவர் விலை குறைக்கக் கேட்கப் போகிறார். "மேடம்" என்று நுழைபவர் வாங்கியதைத் திருப்பிக் கொடுக்க வந்திருக்கிறார். எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான்.

அட்டனிலிருந்து வந்தவன்:

உறவுமுறைச் சொல் எல்லாம் கொழும்பில் பொறி. வந்த புதிதில் எங்கள் அலுவலகத்து இளம் முஸ்லிம் பெண் ஒருவர், "தாத்தாவிடம் கேட்டு வருகிறேன்" என்று உள்ளே போனார். நான் வெள்ளைத் தாடியோடு ஒரு கிழவரை எதிர்பார்த்து நிற்கிறேன், முப்பது வயதுப் பெண் ஒருவர் கோப்போடு வந்தார். அவர்களுக்குத் தாத்தா என்றால் அக்கா. பக்கத்திலிருந்த சிங்கள நண்பனோ என்னைவிடக் குழம்பிப் போனான், அவனுக்குத் தாத்தா என்றால் அப்பா! ஒரே சொல்லில் அக்கா, அப்பா, பாட்டன் மூவரும் ஒரு மேசையில். அன்றிலிருந்து அலுவலகத்தில் யாரையும் உறவு சொல்லிக் கூப்பிடுவதில்லை என்று வைத்திருக்கிறேன். தேநீர் கொண்டுவரும் அம்மாவை மட்டும் "அம்மா" என்கிறேன். அவர் அப்படித்தான் கூப்பிடச் சொன்னார்.

கொட்டாஞ்சேனை ஓய்வூதியக்காரி:

நான் தட்டெழுத்தாளராகக் கந்தோருக்குப் போனது எழுபதுகளில். 1960 இல் உலகத்துக்கே முதல் பெண் பிரதமரைத் தந்த நாடு இது. அவருக்குச் சிங்களத்தில் "மெத்தினிய" இருந்தது, தமிழில் "அம்மையார்" இருந்தது. தட்டெழுத்து அறையில் இருந்த எங்கள் ஆறு பேருக்கு ஒரு சொல்லும் இல்லை. பிரதம லிகிதர் வாசலில் வந்து தொண்டையைச் செருமுவார். அதுதான் விளிப்பு. கடிதத்தில் என்றால் "ஐயா/அம்மணி" என்று அடித்து, வேண்டாததை வெட்டிவிடலாம். நேரில் எதை வெட்டுவது?

பிறகு வந்த ஒருவர் "சகோதரிகளே" என்றார். விவேகானந்தர் 1893 இல் சிகாகோவில் "சகோதரிகளே, சகோதரர்களே" என்று தொடங்கியபோது சபை கைதட்டியது. எங்கள் அறையில் யாரும் தட்டவில்லை. உண்டியல் வரப்போகிறதென்று ஒருத்தி கைப்பையை மூடினாள்.

சிரிப்பு ஒருபுறம். இன்னொன்றும் நினைவில் இருக்கிறது. சரஸ்வதி பூசைக்கு அழைப்பு எழுதிய இளைஞர், மரியாதை என்று நினைத்து, "திருமதிகளும் செல்விகளும் வருக" என்று எழுதியிருந்தார். கணவனைப் பிரிந்து வந்து எட்டு மாதமான ஒருவர் எங்களோடு இருந்தார். அந்தக் காகிதத்தை வெகுநேரம் பார்த்துவிட்டு மடித்துக் கைப்பைக்குள் வைத்தார். பூசைக்கு வரவில்லை. எழுதியவருக்கு இது இன்றுவரை தெரியாது.

எனக்குப் "பிள்ளைகள்" என்ற சொல் பிடிக்கும், மறைக்கவில்லை. ஆனால் என்னைவிட மூத்தவர் சொல்ல வேண்டும். இப்போது அதற்கு ஆட்களும் குறைந்துவிட்டார்கள்.

பம்பலப்பிட்டிக்குப் புதியவன்:

வங்கிக்கார அக்கா கேட்ட கேள்வியோடு இரண்டு நாள் இருந்தேன். (அக்கா என்றதற்கு மன்னிக்கவும்.) ஏழு ஆண்கள் இருந்திருந்தால் ஒன்றும் சொல்லியிருக்க மாட்டேன். "வணக்கம், கணக்குப் பிரிவு கொஞ்சம் வாருங்கள்" என்றிருப்பேன்.

திங்கட்கிழமை அதையே சொன்னேன். முதலில் ஒரு நொடி யாரும் அசையவில்லை, என் வயிறு கலங்கியது. பிறகு 58 வயதுக்காரர் பேரேட்டை மூடிவிட்டு எழுந்தார். கண்ணாடியைக் கழற்றிச் சேலைத் தலைப்பில் துடைத்துக்கொண்டே மற்ற ஆறு பேரையும் பார்த்து, "பிள்ளைகள், எழும்புங்கள், சேர் கூப்பிடுகிறார்," என்றார்.