சிகிஷ்வாராவில் ஆறுதலாக ஒரு நாள்: முழங்கால் நோவுள்ள அம்மாவோடு எப்படிப் பார்க்கலாம்?

களுவாஞ்சிக்குடிக்காரி:

எல்லோருக்கும் வணக்கம், ஸலாம். தம்பிக்கு ருமேனியாவில், ப்ரஷோவ் நகரத்தில் வேலை. செப்டம்பர் நடுப்பகுதியில் ஊரிலிருந்து நாலு பேர் அவனிடம் போகிறோம்: நான், அம்மா, அக்கரைப்பற்றுச் சினேகிதி, அவளின் கணவர். ஒரு முழு நாளை அங்கேயுள்ள பழைய கோட்டை ஊரான சிகிஷ்வாராவுக்கு ஒதுக்கியிருக்கிறோம். அம்மாவுக்கு 63 வயது, முழங்கால் தேய்வு. மட்டமான வீதியில் ஒரு மணித்தியாலம் நடப்பா. படி என்றால் பத்துப் படிக்கொரு தரம் நிற்கவேண்டும். வெள்ளிக்கிழமைகளில் மரக்கறி மட்டும்தான். மற்ற இருவருக்கும் ஹலால் முக்கியம்.

கோச்சியில் (ரயிலில்) போவதா, கார் பிடிப்பதா? எந்தக் கிழமை நல்லது? கோட்டைக்குள் எதைப் பார்ப்பது, எதை விடுவது? அதே நாளில் ப்ரான் கோட்டையையும் பார்த்துவிடலாம் என்கிறான் தம்பி, சரிவருமா? ஓடி ஓடிப் பார்க்க எங்களுக்கு விருப்பமில்லை.

வாவிக்கரை:

தங்கச்சி, முதலில் ப்ரானை வெட்டுங்கள். அது ப்ரஷோவுக்குத் தென்மேற்கே 30 கிலோமீற்றர் அளவில். சிகிஷ்வாரா வடமேற்கே ஏறக்குறைய 120 கிலோமீற்றர். இரண்டையும் ஒரே நாளில் சேர்த்தால் நாளில் பாதி வாகனத்துக்குள்ளேயே போய்விடும். ப்ரானுக்கு இன்னொரு நாளில் அரைநாள் போதும்.

சிகிஷ்வாராவின் கோட்டை ஊர் சின்னது. ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குப் பத்து நிமிட நடைகூட இல்லை. 1999இல் யுனெஸ்கோ உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்த்த இடம், உள்ளே இன்றைக்கும் ஆட்கள் குடியிருக்கிறார்கள். மட்டக்களப்புக் கோட்டையை மனதில் வைத்துக்கொண்டு போகவேண்டாம். அது வாவிக்கரையில் மட்டமாக இருப்பது, இது குன்றின்மேல் இருக்கிறது. உங்களுக்குத் தூரம் பிரச்சினையே இல்லை, ஏற்றமும் கல்லும்தான் பிரச்சினை. அதனால் நாளை இப்படி அமையுங்கள்: ஒரே ஒரு தரம் ஏறுவது, மேலே நெடுநேரம் இருப்பது, ஒரே தரம் இறங்குவது. சாப்பிடக் கீழே வந்து மறுகா ஏறினால் அம்மாவின் கால் அன்றைக்கே கைவிட்டுவிடும்.

ஸ்டேஷன் தர்னாவா மரே ஆற்றின் வடகரையில். கோட்டை தென்கரையில். நடந்தால் இருபது நிமிடமளவு. ஆற்றங்கரையில் பெரிய ஓர்தடொக்ஸ் கிறிஸ்தவத் தேவாலயம் வரும், அதைத் தாண்டிப் பாலம், பாலத்திலிருந்தே கோபுரங்கள் தெரியும். அந்த நடை உங்களுக்கும் தம்பிக்கும் நல்லது. அம்மாவை டாக்சியில் ஏற்றி, "துர்னுல் குரோய்த்தோரிலோர்" என்று சொல்லுங்கள், தையற்காரர் கோபுரம். நகரத்தார் எல்லாரும் ஏறுகிற மணிக்கூட்டுக் கோபுரப் பக்கம் செங்குத்தானது. தையற்காரர் கோபுரம் அதற்கு நேர் எதிர்ப்பக்கம். கீழே இரண்டு வளைவு வாசல் இருக்கும். ருமேனிய டாக்சிகளின் கதவில் ஒரு கிலோமீற்றருக்கு எத்தனை லெய் (ருமேனியக் காசு) என்று ஒட்டியிருப்பார்கள், ஏறுமுன் அதைப் பாருங்கள்.

உள்ளே பாதை முழுக்க ஆற்றுக்கல் பதித்தது. ஒவ்வொரு கல்லும் கோழிமுட்டை மாதிரி உருண்டு நிற்கும், மழை பெய்தால் சோப்புப் போட்ட மாதிரி வழுக்கும். செருப்பு வேண்டவே வேண்டாம். அடி தடித்த, முன்பக்கம் மூடிய சப்பாத்து. ஊன்றுகோல் கொண்டுபோனால் அடியில் ரப்பர் முனை இருக்கவேண்டும். நோகிற காலுக்கு எதிர்ப்பக்கக் கையில் பிடிக்கவேண்டும். பலபேர் நோகிற பக்கமே பிடிப்பார்கள், அதனால் பாரம் குறைவதில்லை.

கிழமை: திங்கள் வேண்டாம், நூதனசாலைகள் பூட்டு. சனி, ஞாயிறு சனம் கூட. வெள்ளிக்கிழமை நல்லது என்பது என் எண்ணம். ஓர்தடொக்ஸ்காரருக்கு அது விரதநாள், அம்மாவுக்கு மரக்கறி இலேசாகக் கிடைக்கும்.

அக்கரையூரான்:

வாவிக்கரை அண்ணன் சொன்ன வெள்ளியில் ஒரு சிக்கல் இருக்கு. சினேகிதியின் கணவருக்கு ஜும்ஆ, வெள்ளி மதியத் தொழுகை. புதன்கிழமையை எடுங்கள் தங்கச்சி. ஓர்தடொக்ஸ் வழமையில் புதனும் வெள்ளியும் இரண்டுமே விரதநாள், அதனால் சாப்பாட்டு வசதி அப்படியே இருக்கும், ஜும்ஆவும் தவறாது. ப்ரஷோவிலிருந்து 81 கிலோமீற்றருக்குக் கூடுதலான தூரம் என்பதால் பயணிக்குரிய சலுகைப்படி ளுஹரையும் அஸரையும் (மதிய, பின்னேரத் தொழுகைகள்) சேர்த்துச் சுருக்கித் தொழலாம். செப்டம்பர் நடுவில் அங்கே ளுஹர் பகல் ஒன்றேகாலுக்குப் பிறகுதான் தொடங்கும், ஊர் நேரத்தை நினைத்துக்கொண்டு பன்னிரண்டரைக்கு நிற்கவேண்டாம். கிப்லா, அதாவது தொழும் திசை, தென்கிழக்கு. ஊரில் மேற்கே பார்த்துப் பழகியவர் அங்கேயும் மேற்கே திரும்பிவிடுவார், போனில் திசைகாட்டி பார்த்துக்கொள்ளட்டும்.

சாப்பாடு. அந்தச் சின்ன ஊரில் ஹலால் கடையை நம்பிப் போகக்கூடாது. மனதில் வைக்கவேண்டிய சொல் "தே போஸ்ட்". விரதச் சாப்பாடு என்று பொருள்: இறைச்சி, முட்டை, பால் எதுவும் இல்லை. மெனுவில் தனிப் பகுதியாகவே போட்டிருக்கும் கடைகள் உண்டு, இல்லாவிட்டால் கேட்டால் விளங்கும்.

பெயரைப் பார்த்து ஏமாறுகிற இடங்கள் இவை. "சொர்பா தே ஃபசொலே" என்பது போஞ்சி விதைச் சூப், மரக்கறி போலத்தான் தெரியும், ஆனால் வழமையாகப் புகையூட்டிய பன்றி இறைச்சி போட்டுத்தான் காய்ச்சுவார்கள். "சர்மாலே" கோவா இலையில் சோறும் அரைத்த இறைச்சியும் சுற்றியது, பெரும்பாலும் பன்றி. இரண்டுக்கும் தே போஸ்ட் வகை உண்டு, அதைக் கேளுங்கள். "சொர்பா தே புர்த்தா" மாட்டு இரைப்பைச் சூப். அம்மா மாடு சாப்பிடாவிட்டால் இதுவும் கவனம். பொர்க் பன்றி, விட்டா மாடு, புய் கோழி, பெஷ்தே மீன். இன்னுமொன்று "உந்தூரா", பன்றிக் கொழுப்பு. உருளைக்கிழங்கை அதில் பொரிக்கிறவர்கள் இருக்கிறார்கள். "ஃபரா உந்தூரா, கு உலெய்" என்றால் கொழுப்பு வேண்டாம், எண்ணெயில் செய்யுங்கள் என்று அர்த்தம்.

மீன் சாப்பிடுகிறவர்களுக்குப் "பஸ்த்ரவ்" நல்ல தெரிவு. மலையாற்று மீன், சோளமாக் களி "மமலிகா"வோடு வரும். எங்கள் கடல்மீன் ருசியை எதிர்பார்க்காவிட்டால் நிறைவாக இருக்கும். "வினெத்தே" என்று சுட்ட கத்தரிக்காய் மசியல் ஒன்று இருக்கிறது, ஐந்து பேருக்கும் ஒத்துப்போகும். பாணோடு தருவார்கள். சில கடைகள் அதில் மயோனைஸ் கலக்கும், முட்டை தவிர்க்கிறவர்கள் கேட்டுக்கொள்ளவும்.

குடிப்பது: கோட்டைக்குள் கடைகளில் சின்னக் கோப்பையில் சிவப்பாக "விஷினாத்தா" ருசிபார்க்க நீட்டுவார்கள். பழச்சாறு மாதிரி இருக்கும், சாராயத்தில் செர்ரி ஊறப்போட்டது. செப்டம்பரில் விற்கிற "முஸ்ட்" புது முந்திரிகைச் சாறு, ஒரு நாள் இரண்டு நாளில் புளிக்கத் தொடங்கிவிடும். ஹலால் பார்க்கிற இருவரும் இரண்டையும் விடுவதே நல்லது.

களுவாஞ்சிக்குடிக்காரி:

புதன் என்றே முடிவு. மிச்சம் நன்றி. மணிக்கூட்டுக் கோபுரத்தில் மணியடிக்கும்போது பொம்மைகள் வெளியே வந்து சுற்றும் என்று வீடியோவில் சொன்னார்கள். எத்தனை மணிக்கு நின்றால் பார்க்கலாம்? கூரைபோட்ட படிக்கட்டை அம்மா ஏறலாமா?

கல்முனைத் தெற்கு:

பொம்மைக்காக யாரும் நடுப்பகலில் கழுத்தை நிமிர்த்திக்கொண்டு நிற்கவேண்டாம். கீழ்நகரத்தைப் பார்த்த பக்கம் இருக்கிற ஏழு பொம்மையும் நாளுக்கு ஒன்று, மாறுவது நள்ளிரவில். அதைவிட நல்ல விஷயம், அவை எங்களுக்குத் தெரிந்தவைதான். திங்களுக்குச் சந்திரத் தெய்வம் டயானா, செவ்வாய்க்கு மார்ஸ், புதனுக்கு மெர்குரி, வியாழனுக்கு ஜூப்பிற்றர், வெள்ளிக்கு வீனஸ், சனிக்குச் சற்றேர்ண், ஞாயிறுக்குச் சூரியன். தமிழில் கிழமை சொல்லத் தெரிந்த அம்மாவுக்கு வழிகாட்டி தேவையில்லை. ஒவ்வொன்றின் தலையிலும் அந்தந்தக் கோளின் குறி இருக்கும், போன் கெமராவைப் பெருப்பித்துப் பாருங்கள். லிண்டன் மரத்தில் செதுக்கியவை. கோட்டைக்குள் பார்த்த பக்கத்தில் வேறு கூட்டம்: ஒலிவக் கிளையோடு சமாதானம், பறையடிப்பவன், தராசோடு நீதி, வாளோடு சட்டம்.

கோபுரம் 64 மீற்றர். 1676 தீயில் கூரை எரிந்து, அடுத்த வருடம் திருப்பிக் கட்டினார்கள். 1556வரை நகரசபை இதற்குள்தான் கூடியது. உச்சியின் நாலு மூலையிலும் நிற்கிற சின்னக் கோபுரங்கள், மரணதண்டனை வரைக்கும் தீர்ப்புச் சொல்லும் உரிமை இந்த ஊருக்கு இருந்ததற்கான அடையாளம். 1899இலிருந்து நூதனசாலை. உள்படி ஒடுக்கம், ஏறுகிறவரும் இறங்குகிறவரும் ஒதுங்கித்தான் போகவேண்டும், லிப்ட் கிடையாது. அம்மா கீழே இருக்கட்டும். நீங்கள் மேல்மாடத்து மரக் கைப்பிடிக்குப் போனால், உலக நகரங்கள் எந்தப் பக்கம், எத்தனை கிலோமீற்றர் என்று தகடுகள் பதித்திருப்பார்கள். டிக்கெட் கூடத்துக்குக் கூடம் தனித்தனி, சேர்த்து எடுக்கிறதும் உண்டு. "உல்த்திமா இந்த்ராரே" என்று எழுதியிருப்பது கடைசியாக உள்ளே விடுகிற நேரம், பூட்டுகிற நேரமில்லை. அதைக் கவனியுங்கள்.

படிக்கட்டு 1642இல் கட்டியது. மேலே பள்ளிக்கூடம், தேவாலயம் இரண்டும் இருந்ததால் பனிகாலத்தில் பிள்ளைகள் நனையாமல் ஏறக் கூரை போட்டார்கள். ஆரம்பத்தில் 300 படி, 1849க்குப் பிறகு 175 அளவில். இடையிடையே தட்டு வரும், அதனால் ஏறுவது நாம் நினைப்பதைவிட இலேசு. தேய்ந்த முழங்காலுக்கு இறங்குவதுதான் கொடுமை. பக்கத்துக் கைப்பிடியைப் பிடித்து, நோகிற காலை முதலில் வைத்து, ஒவ்வொரு படியாக இறங்கலாம், ஆனால் 175 தரம் அப்படி இறங்குவது அம்மாவின் மிச்ச நாளைத் தின்றுவிடும். என் எண்ணம், அம்மா சதுக்கத்திலேயே இருக்கட்டும். மேலே குன்றுத் தேவாலயம் 1345இல் தொடங்கிய கட்டிடம், அடியில் நிலவறை, பக்கத்தில் சாக்ஸன்காரரின் மயானம். மயானத்தைத் தவறவிடாதீர்கள், அந்த ஊரைக் கட்டிய ஜெர்மன்பேச்சுச் சனத்தின் பெயர்கள் முழுக்க அங்கேதான். அமைதியாக நடக்கவேண்டிய இடம், படம்பிடிக்கிற சத்தம் வேண்டாம்.

இரண்டு பேர் மேலே போக, இரண்டு பேர் அம்மாவோடு. முக்கால் மணித்தியாலத்துக்குப் பிறகு ஆள் மாறுங்கள். யாரும் தனிய இருக்கவேண்டி வராது.

வாவிக்கரை:

கல்முனைத் தெற்கு சொன்ன மாறுகிற முறை நல்ல யோசனை. அம்மா இருக்கிற நேரத்துக்குப் பியாட்சா செத்தத்சி என்ற சதுக்கம். மான்வீடு அதன் ஓரத்தில். மூலையில் மான்தலை கொம்போடு துருத்திக்கொண்டு நிற்கும், உடம்பை இரண்டு சுவரிலும் ஒவ்வொன்றாக வரைந்திருப்பார்கள், ஒரு தலைக்கு இரண்டு உடம்பு. கதிரையை அதன் எதிரே போட்டு இருந்தாலே நேரம் போகும். பக்கத்து மஞ்சள் வீட்டில் வ்லாத் ட்ராகுல் 1431இலிருந்து 1435வரை இருந்ததாகச் சொல்வார்கள், பிறகு ட்ராகுலா என்று பேர்போன மகன் அங்கே பிறந்தான் என்பது நம்பிக்கை. அது இப்போது சாப்பாட்டுக் கடை. வெளியே நின்று பார்த்தால் போதும், உள்ளே போய்க் காசைச் செலவழிக்கிற அளவுக்கு ஒன்றுமில்லை.

கோட்டைச் சுவரில் 14 கோபுரம் இருந்து 9 மிச்சம். ஒவ்வொன்றையும் ஒரு தொழிற்குழு காத்தது: தையற்காரர், சப்பாத்துத் தைப்பவர், கயிறு திரிப்பவர், தகரவேலைக்காரர். தகரவேலைக்காரர் கோபுரம் அடியில் சதுரம், மேலே ஐங்கோணம், அதற்கும் மேலே எண்கோணம். அதை ஒரு சுற்றுச் சுற்றிப் பாருங்கள்.

கோச்சி விஷயம்: ப்ரஷோவிலிருந்து இரண்டரை, மூன்று மணித்தியாலம். அந்தப் பாதையில் நெடுங்காலமாகத் திருத்த வேலை நடக்கிறது, சுணக்கம் சாதாரணம். ஆகவே திரும்பும் வண்டியைக் கடைசி வண்டியாக எடுக்காமல் அதற்கு முன்னதை எடுங்கள். டிக்கெட்டை ஸ்டேஷனிலோ ச.ஃபெ.ரெ. (ருமேனிய ரயில் சேவை) இணையத்திலோ முதலே எடுங்கள், வண்டிக்குள் எடுத்தால் விலை கூடும். "வகோன்" பெட்டி இலக்கம், "லோக்" இருக்கை இலக்கம். ஏறிய பெட்டி பிழைத்தால் சாமானோடு உள்ளே உள்ளே நடக்கவேண்டி வரும், அம்மாவுக்கு அது படியைவிடக் கஷ்டம். பலகையில் "ப்ளெகரி" புறப்பாடு, "சொசிரி" வருகை, "லினியா" மேடை, "இந்தர்சியெரே" சுணக்கம். டிக்கெட் எடுக்கும்போது பெயரை முழுதாகச் சொல்லுங்கள். சிகெத் என்று காதில் விழுந்தால் அது வடக்கு எல்லையில் இருக்கிற வேறு ஊர்.

கார் பிடித்தால் நேரம் குறையும், ஆனால் தம்பி ஓட்டினால் அவன் நாள் முழுக்கச் சாரதிதான். அவனுக்குக் கிடைப்பதே ஒரு நாள் லீவு, ஆகவே கோச்சி.

அக்கரையூரான்:

சின்ன விஷயங்கள். மலசலகூடத்துக்குச் சில்லறைக் காசு தேவைப்படும், ஐந்து பேருக்கும் எடுத்து வையுங்கள். ரூபாயை அங்கே மாற்ற ஏலாது, கொழும்பிலேயே யூரோ எடுத்துப் போங்கள். மாலையில் செப்டம்பரிலும் குளிர் பத்துப் பாகைக்கு இறங்கும், அம்மாவுக்கு ஸ்வெட்டர் பையில் இருக்கட்டும். வீட்டுக்குக் கோல் எடுக்கிறதென்றால் அந்த மாதம் வித்தியாசம் இரண்டரை மணித்தியாலம், அங்கே பகல் ஒரு மணி என்றால் களுவாஞ்சிக்குடியில் மூன்றரை.

களுவாஞ்சிக்குடிக்காரி:

தம்பிக்கு இவ்வளவையும் அனுப்பிவிட்டேன் அண்ணாமார். இரவு அங்கேயே தங்கலாமா என்று இப்போது கேட்கிறான்.

கல்முனைத் தெற்கு:

அடுத்த நாளும் லீவு கிடைத்தால் தங்குங்கள். பஸ்ஸில் வந்த கூட்டம் பின்னேரம் போய்விடும், விளக்குப் போட்டபிறகு சதுக்கம் உங்களுக்கே. பதிவு செய்யும்போது "பார்த்தேர்" கேளுங்கள், நிலத்தளம். அங்கே "எதாஜ் ஒன்று" என்பது நாங்கள் சொல்கிற மேல்மாடி, பழைய வீடுகளில் லிப்ட் இராது, படி ஏணி மாதிரிச் செங்குத்து.