அசாசின்ஸ் க்ரீட்: பெயர் இருந்தால் போதுமா?

தூண்_ஏறி:
அசாசின்ஸ் க்ரீட் வீடியோ கேம் தொடரில் 2009-இல் வந்த இரண்டாம் பாகத்தில், நாயகன் எட்சியோ பின்னால் போய், மணிக்கட்டில் மறைத்திருக்கும் கத்தியான ஹிடன் பிளேடை இறக்கினால் ஆள் காலி. 2017-இல் ஒரிஜின்ஸ் என்ற பாகம் வந்தது. நம்மைவிட லெவல் அதிகமான எதிரியைப் புதருக்குள்ளிருந்து பாய்ந்து குத்துகிறோம். அவனுடைய உயிர் அளவைக் காட்டும் ஹெல்த் பார் கொஞ்சம் குறைகிறது, அவ்வளவுதான். கழுத்தில் கத்தி இறங்கியவன் திரும்பி நம்மை வெட்ட வருகிறான்! அடுத்த வருஷம் வந்த ஒடிஸியில் கதாநாயகரிடம் ஹிடன் பிளேடே கிடையாது. அசாசின்கள் என்ற ரகசியக் கொலையாளிகளின் சங்கமும் அந்தக் கதை நடக்கும் காலத்தில் பிறந்திருக்கவில்லை. இதையெல்லாம் வெளியான அன்றே முழு விலை கொடுத்து வாங்கிவிட்டு "என்ன இருந்தாலும் நம்ம தொடர்" என்கிற ஆட்களைத்தான் கேட்கிறேன்: பெயரைத் தவிர அதில் நம்முடையது என்ன?

கடல்காகம்:
தல, பிளாக் ஃப்ளாக் பாகம் உங்கள் கணக்கில் வருமா, வராதா? அதன் நாயகன் எட்வர்ட் கென்வே யார்? கடற்கொள்ளைக்காரன். ஒரு அசாசினைக் கொன்று, அவன் உடையைக் கழற்றி மாட்டிக்கொண்டவன். கேமில் பாதி நேரம் ஜாக்டா கப்பலில் பீரங்கி வெடித்துக்கொண்டு, மாலுமிகள் பாடுவதைக் கேட்டுக்கொண்டு போகிறோம். 2013-லிருந்து இன்றுவரை அதைத் தலையில் வைத்துக் கொண்டாடுகிறீர்கள். அப்போது யாரும் பெயரை மாற்றச் சொல்லவில்லையே?

இன்னொன்று. இந்தத் தொடரே பிரின்ஸ் ஆஃப் பெர்சியா என்ற வேறொரு கேம் தொடரின் அடுத்த பாகமாகத் தொடங்கியதுதான். 2003-இல் அந்தத் தொடரின் சாண்ட்ஸ் ஆஃப் டைம் பாகத்தைச் செய்த குழு, இளவரசனைக் காக்கும் ஒரு அசாசினைக் கதாநாயகன் ஆக்கியது. இளவரசனே நாயகன் இல்லை என்றானதும் தனிப் பெயர் வைத்து 2007-இல் வெளியிட்டார்கள். அன்றைக்குப் பழைய ரசிகன் பேச்சைக் கேட்டிருந்தால் உங்கள் எட்சியோவே வந்திருக்க மாட்டார்.

தூண்_ஏறி:
என் வாதத்தை நீங்களே சொல்லிவிட்டீர்கள், ப்ரோ. இளவரசன் நாயகன் இல்லை, அதனால் பெயரை மாற்றினார்கள். நியாயம். அசாசினே இல்லாதபோது ஏன் மாற்றவில்லை? ஏனென்றால் இப்போது விற்பதே அந்தப் பெயர்தான். எட்வர்டாவது கதை முடிவதற்குள் அசாசின்கள் பக்கம் வந்து சேர்ந்தான்.

நைல்_வாசி:
நான் இந்தத் தொடருக்குள் வந்ததே ஒரிஜின்ஸில்தான். மகனைப் பறிகொடுத்த பயேக், அவன் மனைவி அயா, இவர்களிடமிருந்து சங்கம் எப்படி முளைக்கிறது என்பதுதான் கதை. அதை எப்படி வெளியாள் என்கிறீர்கள்?

எட்சியோவைப் பிறகு தேடிப்போய் விளையாடினேன். செத்துப்போன தம்பிக்காக 100 இறகு சேர்த்து, பேச்சு மூச்சில்லாமல் கட்டிலருகே மண்டியிட்டிருக்கும் அம்மாவுக்குப் பக்கத்தில் உள்ள பெட்டியில் கொண்டுபோய்ப் போடுவோமே, அந்த இடம் அழகு. மறுக்கவில்லை. ஆனால் ஒருவனைப் பின்தொடர், ஒட்டுக்கேள், துரத்து என்று அதே மிஷன்களை 2009-லிருந்து 2015 வரை வருஷம் தவறாமல் விற்றார்கள். அதையும் விசுவாசம் என்று வாங்கிக்கொண்டே இருந்தது யார்? அந்த அவசரத்தின் பலன்தான் யூனிட்டி பாகம். 2014-இல் முகத்தோலே இல்லாமல் கண்ணும் பல்லும் மட்டும் காற்றில் மிதந்த பாத்திரங்களை மறந்துவிட்டீர்களா? கேமை வெளியிடும் யூபிசாஃப்ட் நிறுவனம் மன்னிப்புக் கேட்டு டெட் கிங்ஸ் என்ற கூடுதல் கதையை இலவசமாகக் கொடுத்தது. 2016-இல் முக்கியப் பாகம் எதுவும் வரவில்லை. அந்த இடைவெளி இல்லாமல் ஒரிஜின்ஸ் இல்லை.

சும்மா_படிப்பவன்:
சண்டைக்கு நடுவே ஒரு சொல். நாத்ரதாம் தேவாலயம் எரிந்தபோது, 2019-இல், யூனிட்டியைக் கொஞ்ச நாள் இலவசமாகக் கொடுத்தார்கள். அப்போது எடுத்ததுதான். பாரிஸ் கூரையிலிருந்து கையை மாற்றி மாற்றி அதன் நாயகன் ஆர்னோ கீழே இறங்குகிற நேர்த்தி, அதற்கப்புறம் வந்த பெரிய பெரிய பாகங்கள் எதிலும் எனக்குக் கிடைக்கவில்லை. சரி, தொடருங்கள்.

தூண்_ஏறி:
மாற்றமே வேண்டாம் என்று நான் எங்கே சொன்னேன்? ஒடிஸியில் குறிப்பிட்ட லெவல் வராமல் கதை நகராது. லெவல் சீக்கிரம் ஏறுவதற்கான பூஸ்டையும் அவர்களே தனிக் காசுக்கு விற்றார்கள். பூட்டும் அவர்களுடையது, சாவியும் அவர்களுடையது. எப்படியும் நாம் விட்டுப் போகமாட்டோம் என்ற தைரியம் இல்லாமல் இதைச் செய்வார்களா?

கடல்காகம்:
அந்த பூஸ்டை நான் தொடவே இல்லை. தீவு தீவாகச் சுற்றினால் லெவல் தானாக ஏறும். சுற்றத்தானே அவ்வளவு பெரிய கிரேக்கம்? பழைய பாணிதான் வேண்டும் என்று கேட்டவர்களுக்காக 2023-இல் மிராஜ் வந்தது. 9-ஆம் நூற்றாண்டு பாக்தாத், சின்ன கேம், கூட்டத்தில் கலந்து ஒளிகிற வேலை, விலையும் குறைவு. அப்போது, முந்தைய பாகத்தைச் சுட்டி, "வல்ஹாலாவின் மிச்சம்" என்று முதலில் முகம் சுளித்ததும் உங்கள் கூட்டம்தான்.

தூண்_ஏறி:
மிச்சம்தானே? வல்ஹாலாவுக்குக் கூடுதல் கதையாகத் தொடங்கியதைத்தானே தனி கேம் ஆக்கினார்கள். நல்ல பாக்தாத், நோஞ்சான் கதை.

நைல்_வாசி:
உங்கள் கோபம் அந்த ஒரு குத்து மேல்தான் என்றால், வல்ஹாலாவிலும் 2025-இல் வந்த ஷேடோஸிலும் செட்டிங்ஸில் அதற்கு வழி இருக்கிறது. ஆன் செய்தால் லெவல் எதுவானாலும் ஒரே குத்தில் ஆள் அவுட்.

தூண்_ஏறி:
தெரியும். தொடரின் உயிரே செட்டிங்ஸில் ஒரு மூலையில் கிடக்கிறது. ஷேடோஸுக்கு நல்ல தள்ளுபடி வரட்டும். அதன் இரண்டு கதாநாயகர்களில் சாமுராய் யாசுகேயை முடிந்தவரை ஓரங்கட்டிவிட்டு, ஒளிந்து தாக்கும் நாவோயேவை வைத்தே விளையாடிப் பார்க்கிறேன்.

கடல்காகம்:
ஆக, வாங்கத்தான் போகிறீர்கள்.